நசுங்கிய கம்பி

விக்ரோலி கன்னம்வார் நகரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில், கல்லூரியில் பயிலும் அண்ணனும் ஏழாம் வகுப்பில் பயிலும் தங்கையும் ஒரே கணினியைப் பயன்படுத்தி வந்தனர். அவ்வீட்டு இணையத் திட்டத்தின் வேகம் நொடிக்கு 200 மெகாபிட். ஆயினும், 10 நிமிடத்தில் இறங்க வேண்டிய பாடக் காணொளிகள் இறங்க 20 நிமிடத்திற்கு மேல் ஆயிற்று.

“விலை கூடிய திட்டத்திற்கு மாறிவிடுவோமா?” என்று தந்தை வினவினார்.

“சற்றுப் பொறுங்கள், அப்பா. குறை எங்கே என்று அறியாமல் பணம் செலவிட வேண்டாம்” என்றாள் தங்கை.

அண்ணனும் தங்கையும் ஆராயத் தொடங்கினர். முதலில், கைப்பேசியைத் திசைவியின் அருகில் வைத்து வேகத்தை அளந்தனர். ஏறத்தாழ 200 மெகாபிட் கிடைத்தது. ஆகவே, வெளியிலிருந்து வரும் இணைப்பில் குறை இல்லை. அடுத்து, கணினியின் அமைப்புகளில் கம்பி இணைப்பின் வேகத்தைப் பார்த்தனர். 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தது. கம்பியைத் திசைவியின் வேறொரு துளையில் செருகினர்; மாற்றம் இல்லை. இறுதியாக, அண்டை வீட்டில் வேறொரு கம்பியை இரவல் பெற்றுப் பொருத்தினர். உடனே 1000 தோன்றியது! ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்றியதால், குறை பழைய கம்பியில்தான் என்பது உறுதியாயிற்று. இரும்பு அலமாரியின் கால் அதனை நசுக்கியிருந்தது.

இணையக் கம்பியினுள் 8 மெல்லிய செப்புக் கம்பிகள் 4 இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். முறுக்கினால் வெளி இரைச்சல் குறையும். இம்முறைக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்றார். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்திற்கு 2 இணைகள் போதும். 1000 மெகாபிட்டிற்கு 4 இணைகளும் வேண்டும். ஓர் இழை அறுந்தாலும் கணினியும் திசைவியும் குறைந்த வேகத்திற்கு இறங்கிவிடக்கூடும். இணைப்பு அறுந்துபோகாததால் குறை நம் கண்ணுக்குப் புலப்படாது.

“மாடித் தொட்டி நிறைந்திருந்தாலும், குழாய் நசுங்கியிருந்தால் குடம் மெதுவாகத்தானே நிறையும்! திட்டத்தை மாற்றியிருந்தால் மாதந்தோறும் பணம் வீணாகியிருக்கும்” என்று மகிழ்ந்த தந்தை, புதிய கம்பி வாங்கி வந்தார். அதனை அலமாரிக்கு அடியில் விடாமல் சுவரோரமாகப் பதித்தனர்.

சொற்பொருள்
திசைவி – ரவுட்டர்
இணை – சோடி
இரவல் – திருப்பித் தருவதாகப் பெறுவது
காப்புரிமை – கண்டுபிடிப்பின் மீதான சட்ட உரிமை

பயிற்சி
1. கைப்பேசியில் வேகத்தை முதலில் அளந்தது ஏன்?
2. ஒரே நேரத்தில் கம்பியையும் துளையையும் மாற்றியிருந்தால் என்ன குழப்பம் நேர்ந்திருக்கும்?
3. 8 பிட் சேர்ந்தது 1 பைட். நொடிக்கு 100 மெகாபிட் என்பது எத்தனை மெகாபைட்?
4. பிரித்து எழுதுக: இம்முறை, அவ்வீடு.
5. உங்கள் வீட்டில் பழுதான பொருள் ஒன்றின் குறையைக் கண்டறிந்த விதத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.