முறுக்கிய மரமும் நேரான வில்லும்



“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்னும் பழமொழியை நீங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள். வில் செய்வோர் இதற்கு என்ன விடை கூறுவர் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

இங்கிலாந்தின் மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பல் 1545ஆம் ஆண்டு மூழ்கியது. 1982இல் அதன் உடற்பகுதி கடலிலிருந்து மேலே கொணரப்பட்டது. அக்கப்பலிலிருந்து 170க்கும் மேற்பட்ட நெடுவிற்கள் கிடைத்தன. அவை யூ என்னும் மரத்தால் ஆனவை. ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ளவை. இன்றும் அத்தகைய விற்களைக் கையால் செய்வோர் உள்ளனர்.

மரம் ஏன் முறுக்குகிறது?

சில மரங்களின் நார்கள் அடிமரத்தைச் சுற்றிச் சுருளாக வளர்கின்றன. அம்மரத்தை ஆப்பு வைத்துப் பிளந்தால், பிளவு நாரின் வழியே செல்லும். கிடைக்கும் துண்டும் முறுக்கியிருக்கும். அதை வாளால் நேராக அறுத்தால் நார்கள் இடையிலே அறுபடும். வளைக்கும்போது வில் அவ்விடத்தில் ஒடியக்கூடும். முறுக்கை அப்படியே விட்டாலோ, நாண் ஒரு பக்கமாக விலகும். ஆகவே நாரை அறுக்காமல் முறுக்கை மட்டும் நீக்க வேண்டும்.

நிமிர்த்தும் முறை

1. முதலில் மரத்தை வில்லின் பருமனுக்கு அண்மையாகச் செதுக்க வேண்டும். தடித்த மரம் எளிதில் திரும்பாது.

2. முறுக்கிய பகுதியை மூடி, கொதிநீரின் ஆவியில் வைக்க வேண்டும். ஓர் அங்குலப் பருமனுக்கு ஒரு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்னும் பொருள் வெப்பத்தால் இளகும்.

3. ஆவியிலிருந்து எடுத்தவுடன் வில்லின் பிடியை இடுக்கியில் இறுக்கி, முறுக்குக்கு எதிர்ப்புறமாகத் திருப்ப வேண்டும். ஆறும்போது மரம் சற்றே மீளும். ஆதலால் நேர்நிலைக்குச் சிறிது அப்பாலும் திருப்புவர்.

4. முற்றிலும் ஆறும்வரை கட்டை அவிழ்க்கலாகாது. சில நாள் உலரவிட்டபின் முனைக்கு முனை நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். நூல் பிடியின் நடுவே சென்றால் வேலை முடிந்தது. இல்லையேல் மீண்டும் ஆவி காட்ட வேண்டும்.

குளிர்ந்த மரத்தை வலிந்து திருப்பினால் அது வெடிக்கும். அளவுக்கு மீறிச் சுட்டால் கருகி நொறுங்கும்.

பெற்றோர்களே! பத்து வயதில் முதன்முதலாக “அ” எழுத வரும் பிள்ளையைக் கண்டு, காலம் கடந்துவிட்டதே என்று வருந்துகிறோம். முற்றிய மரமும் திரும்பும் என்பதே வில் செய்வோர் தரும் விடை. அதற்கு வேண்டுவன இதமான வெப்பமும், ஆறும்வரை விடாத பிடியும், மறுமுறை முயலும் பொறுமையுமே.

வினாக்கள்

1. முறுக்கிய மரத்தை வாளால் நேராக அறுக்கலாகாது. ஏன்?
2. நேர்நிலைக்கு அப்பால் திருப்புவதன் காரணம் யாது?