பிள்ளை பிடிக்கிறவன் யார்?



"சாப்பிடலைன்னா பிள்ளை பிடிக்கிறவன் வந்து தூக்கிட்டுப் போயிடுவான்!" என்று சொல்லிச் சொல்லித்தான் எங்கள் பாலசமுத்திரத்தில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவார்கள். தைப்பூசத்துக்குப் பழனியில் பாதயாத்திரைக் கூட்டம் திரளும் நாட்களில் கண்டிப்பு இன்னும் கூடும். தெரியாத ஆள் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே, கூப்பிட்டால் போகாதே என்பார்கள். சரிதான். ஆனால் தெரிந்த ஆளே தப்பாகத் தொட்டால் என்ன செய்வது? அதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

2018-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பாருங்கள். மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கோயிலுக்குப் போக வந்த 65 வயது மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்ற வதந்தியை நம்பி, கூட்டம் அவரை அடித்தே கொன்றுவிட்டது. அவர் ஒரு பாவமும் அறியாதவர்.

இரண்டே மாதம் கழித்து, ஜூலையில், சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் 11 வயதுச் சிறுமிக்கு நடந்துவந்த கொடுமை வெளியே வந்தது. கைதானவர்கள் 17 பேர். காவலாளி, லிப்ட் இயக்குபவர், பிளம்பர் என்று தினமும் அந்தக் குழந்தை பார்த்துப் பழகிய முகங்கள். அவள் தன் அக்காவிடம் சொன்னாள். அக்கா நம்பினாள். 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, ஐவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. "சும்மா இரு, வெளியே சொல்லாதே" என்று அக்கா அன்று அதட்டியிருந்தால்?

மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53 சதவீதம். தொல்லை தந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்கு உரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நான் சிவில் பிரிவு மாணவன். சட்டம் படித்தவன் அல்ல. ஆனாலும் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தை நாம் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். 18 வயது நிரம்பாத எவரும் இச்சட்டப்படி குழந்தையே. அப்படியானால் பத்தாம் வகுப்பு முடித்து வந்த நம் முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளும் இதில் அடக்கம். ஆண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். "பையன்தானே, என்ன ஆயிடப் போவுது" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு; ஆனால் சொல்லாத குழந்தையைத் தண்டிக்க முடியாது. குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்ய வேண்டும். கூடியவரை அவர் பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். நீதிமன்றத்தில் குற்றவாளியின் முகத்தில் குழந்தை விழிக்காதபடி ஏற்பாடு செய்ய வேண்டும். பெயர், படம், வீடு, பள்ளி, வசிக்கும் பகுதி எதையும் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. மேலே சொன்ன சென்னை வழக்கில் குடியிருப்பு இருந்த பகுதியை நான் எழுதாததும் இதனால்தான்.

நம்மிடம் ஒரு குழந்தை சொன்னால்...

1. முதலில் நம்புங்கள். "நீ சொன்னது நல்லது, தப்பு உன்மேல் இல்லை" என்று சொல்லுங்கள்.

2. "ஏன் அங்கே போனே? ஏன் அப்பவே சொல்லலே?" என்று கேட்காதீர்கள். துருவித் துருவி விசாரிக்காதீர்கள். அது அதிகாரிகள் வேலை.

3. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். காப்பாற்றக் கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று சொல்லுங்கள்.

4. 1098-க்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் இலவசம். 1996-இல் மும்பையில் தொடங்கிய சேவை இது. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம்.

5. அண்மையில் நடந்ததென்றால் குழந்தையைக் குளிப்பாட்டாமல், உடைகளைத் துவைக்காமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவசர சிகிச்சைக்கு எப்.ஐ.ஆர். கேட்கக் கூடாது என்பது விதி.

6. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். செய்தவன் மாமாவாக இருந்தாலும் வாத்தியாராக இருந்தாலும் சரி.

தோழர்களே! விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நமக்காகக் காத்திருக்கும் தம்பி, தங்கை, அக்கா பிள்ளைகள் உண்டு. உள்ளாடை மறைக்கும் இடங்களை யாரும் தொடக் கூடாது, தொட்டால் கத்து, ஓடு, என்னிடம் சொல் என்று அவர்களிடம் பேசுங்கள். பெற்றோரிடம் சொல்லக் கூசுவதைக் கூட அண்ணன் அக்காவிடம் பிள்ளைகள் சொல்லும். அவர்கள் சொல்ல வரும்போது காது கொடுத்துக் கேட்போம்! கேட்டதும் செயல்படுவோம்!