ஆடுகிற படத்தை அடக்குவது எப்படி?



ட்ரோன் எடுத்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். காற்றடித்தால் படமும் சேர்ந்து ஆடும். பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். கிம்பல் என்னும் மோட்டார் வைத்த தாங்கி இருந்தால் ஆட்டம் குறையும். அது வாங்க வசதியில்லாதவர்கள் என்ன செய்வது? கணக்குப் போட வேண்டியதுதான்! நான்கே படிகள்.

1. புள்ளி பிடித்தல்: வெறும் வானத்தில் அடையாளம் வைக்க முடியாது. கட்டட மூலை, ஜன்னல் முனை போன்றவையே நல்ல புள்ளிகள். ஷி, டொமாசி இருவரும் 1994-ல் இதற்கொரு முறை தந்தார்கள்.

2. பின்தொடர்தல்: அதே புள்ளி அடுத்த படத்தில் எங்கே போனது? 1981-ல் வந்த லூகாஸ்–கனடே முறை கண்டுபிடித்துத் தரும். நடுவில் ஓடுகிற பஸ்ஸின் புள்ளிகளும் மாட்டும். பெரும்பாலான புள்ளிகளோடு ஒத்துப்போகாதவற்றைத் தள்ளிவிட வேண்டும். மீதியிலிருந்து இடவலம், மேல்கீழ், திருப்பம் என மூன்று அளவுகள் கிடைக்கும்.

3. சராசரி: என் அப்பா கொத்தனார். தூக்குக்குண்டு ஆடினால் அதன் நடுவைத்தான் கணக்கில் எடுப்பார். நாமும் அதையே செய்கிறோம். ஒரு புள்ளி அடுத்தடுத்த 5 படங்களில் 5, 12, 13, 23, 24 பிக்சலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மும்மூன்றாகச் சராசரி எடுத்தால் நடு மூன்று படங்களுக்கு 10, 16, 20 வரும். குதித்த பாதை சீராகிவிட்டது பாருங்கள்.

4. நகர்த்தல்: 12-ல் இருப்பதை 10-க்குக் கொண்டுவர –2, அடுத்த படத்துக்கு +3, அதற்கடுத்து –3. அம்புட்டுதான்! திருப்பத்துக்கும் இதே வழி. நகர்த்தியதும் ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரியும். அதை வெட்டிவிட்டுப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆட்டத்தில் மங்கிப்போன படம் இதனால் தெளிவாகாது. பாலத்தில் விரிசல் தேடும்போது, வெட்டியெறிந்த ஓரத்திலேயே விரிசல் இருந்துவிட்டால்? ஆகவே மூல வீடியோவை அழிக்கவே கூடாது.

முதலாண்டில் படித்த மேட்ரிக்ஸும் சைன், கொசைனும்தான் படத்தைத் திருப்புகின்றன. ஓபன்சிவி என்னும் இலவச மென்பொருள் சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளப் படித்த ஆளில்லாத என் போன்றவர்களுக்கு நாம் செய்யும் ப்ராஜெக்ட்தான் சிபாரிசு. இன்டர்வியூவில் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்டால், கடையில் விலைக்கு வாங்கிய ப்ராஜெக்ட் பதில் சொல்லாது நண்பர்களே! நாமே செய்து பார்ப்போம்.

– இரண்டாமாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை