மின்னும் ரூபாயும் புரூஃப் ரூபாயும்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு



எங்கள் வரலாற்று மன்றத்தின் கணக்கு நோட்டில், “காந்தி நூற்றாண்டு ஒரு ரூபாய், புரூஃப், 1: ரூ.1,150” என்றொரு வரி இருக்கிறது. அதை எழுதிய நாளில் எங்களுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பழைய செய்தித்தாள்களை வீடு வீடாகச் சேகரித்து விற்ற பணமும், ஆறாம் வகுப்புத் தங்கைகள் மிட்டாய்க் காசில் மிச்சம் பிடித்துக் கொடுத்த பத்தும் இருபதும் சேர்ந்த தொகை அது. கண்காட்சியில் காந்தியடிகளுக்கென ஒரு மேசை அமைப்பது, அதன் நடுவில் ஒரு புரூஃப் நாணயத்தை வைப்பது என்று முடிவு செய்திருந்தோம். ஒரு தோழியின் அண்ணனுடைய கைப்பேசியில் இணையத்தில் தேடி வாங்கினோம். வந்தது புரூஃப் நாணயம் அல்ல. அதன் பிறகு நாங்கள் கற்றவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முதலில், புரூஃப் நாணயம் என்றால் என்ன? நாங்கள் அதைப் “புத்தம் புதிதாக, பளபளப்பாக இருக்கும் நாணயம்” என்றே நினைத்திருந்தோம். ஏமாந்ததற்கு அந்த ஒரு நினைப்பே காரணம். புரூஃப் என்பது நாணயத்தின் இன்றைய நிலையைக் குறிப்பதன்று. அது செய்யப்பட்ட முறையைக் குறிப்பது. கடைவீதியில் புழங்குவதற்காக நாணயச்சாலையில் இயந்திரம் நிமிடத்திற்கு நூற்றுக்கணக்கான காசுகளை அடித்துத் தள்ளுகிறது. ஒரு காசுக்கு ஓரடிதான். அடிபட்ட காசுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொட்டியில் விழுந்து, மூட்டையாகி வெளியே வருகின்றன. புரூஃப் அப்படியல்ல. அச்சைக் கண்ணாடி போலத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அச்சின் கீழ் வைக்கப்படும் வெற்று வில்லையையும் மெருகேற்றுகிறார்கள். பிறகு மெதுவாக, மிகுந்த அழுத்தத்துடன் குறைந்தது இரண்டு முறை அடிக்கிறார்கள். உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஏறிவிடுகிறது. கையுறை அணிந்த கையால் எடுத்துப் பெட்டியில் வைக்கிறார்கள். சேகரிப்பவர்களுக்காகவே இத்தனை பாடும்.

ஆகவே, பாட்டியின் உண்டியலில் கிடந்த சாதாரண ரூபாயை எவ்வளவு துலக்கினாலும் அது புரூஃப் ஆகாது. அதேபோல, ஒரு புரூஃப் ரூபாயை ஒரு சிறுவன் பெட்டியிலிருந்து எடுத்துக் கடையில் கொடுத்து முறுக்கு வாங்கினாலும், அது பத்துக் கைமாறிக் கீறல் விழுந்தாலும், அது புரூஃப்தான். அடிபட்ட புரூஃப், அவ்வளவே. விலை குறையும், பிறப்பு மாறாது.

இனி எங்கள் கதைக்கு வருவோம். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969இல் இந்திய அரசு 20 பைசா, 50 பைசா, ஒரு ரூபாய், பத்து ரூபாய் ஆகிய நினைவு நாணயங்களை வெளியிட்டது. அவற்றில் 1969 என்ற எண்ணைத் தேடினால் கிடைக்காது. 1869–1948 என்றே இருக்கும். பத்து ரூபாய் வெள்ளிக் கலவை. ஒரு ரூபாய் நிக்கல், எடை 10 கிராம். இதில் சாதாரண வகை ஏராளமாகப் புழங்கியதால் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் அருகே பழைய காசு விற்பவரிடம் ஐம்பது ரூபாய்க்கே கேட்டோம். புரூஃப் வகையோ சேகரிப்போருக்கென்று குறைவாகவே அடிக்கப்பட்டது. அந்த வேறுபாட்டில்தான் எங்கள் ஆயிரத்துச் சொச்சம் போயிற்று.

பொட்டலம் வந்ததும் மன்றத்தில் எல்லோரும் சுற்றி நின்று பிரித்தோம். அறிவியல் ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்தோம், 10 கிராம். காந்தத்தை அருகில் கொண்டுபோனோம், ஒட்டிக்கொண்டது. கைதட்டி மகிழ்ந்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. புரூஃப், சாதாரணம் இரண்டுமே அதே நிக்கல், அதே எடை. தராசும் காந்தமும் கள்ளக் காசைப் பிடிக்க உதவலாம். இந்த வேறுபாட்டைப் பிடிக்க உதவா.

எங்கள் பொறுப்பாசிரியரான சிஸ்டர் மட்டும் கைதட்டவில்லை. “தெரிஞ்சவங்க யாரிடமாவது காட்டிட்டு மேசையில் வைப்போம்” என்றார். எங்களில் ஒருத்தியின் தாத்தா நாற்பது ஆண்டுகளாக நாணயம் சேர்ப்பவர். சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம். அவர் எங்கள் நாணயத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், அதே ரூபாயின் புரூஃப் ஒன்றை எடுத்து வந்து, மேசை விளக்கின் கீழ் இரண்டையும் அருகருகே வைத்தார். “நான் சொல்ல மாட்டேன். லென்ஸ் இந்தா இருக்கு, நீங்களே பாருங்கம்மா” என்றார். தொடவேண்டுமானால் விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும் என்று கட்டளையும் இட்டார்.

முதலில் பரப்பைப் பார்த்தோம். தாத்தாவின் நாணயத்தில் வெற்றிடமெல்லாம் கண்ணாடி. விளக்கின் இழை அப்படியே தெரிந்தது. ஒழுங்கான எதிரொளிப்பு, ஒழுங்கற்ற எதிரொளிப்பு என்று அறிவியல் வகுப்பில் படித்தோமே, அதுதான் இது. சாதாரணப் புதுக் காசும் மின்னும்; ஆனால் அதை மெல்லச் சாய்த்தால் ஒளி, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல வட்டமாகச் சுற்றி வரும். அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடிய நுண்ணிய கோடுகளே அதற்குக் காரணம். தேய்த்து மெருகேற்றிய காசில் இந்தச் சக்கரமும் இருக்காது, உண்மையான கண்ணாடியும் இருக்காது. எங்கள் நாணயத்தில் விளக்கு தெரிந்தது. ஆனால் அலையடிக்கும் குளத்தில் தெரிவதுபோல நெளிந்தது.

அடுத்து எழுத்துகள். எங்களை ஐயத்திற்கிடமின்றி ஒப்புக்கொள்ள வைத்தது இதுதான். புரூஃப் நாணயத்தில் எழுத்துகள் சுவர் எழும்புவதுபோலச் செங்குத்தாக எழுந்து, மேல் முனைகள் கூராக இருந்தன. எங்களுடையதில் அவை கரைந்த சோப்புக்கட்டி போல மழுங்கியிருந்தன. அதைவிட முக்கியமாக, ஒவ்வோர் எழுத்தின் அடியிலும் மெல்லிய மங்கல் கோடு ஒன்று சுற்றியிருந்தது. மெருகுச் சக்கரம் எழுத்தின் அடி மூலைக்குள் நுழைய முடியாதல்லவா? பாத்திரம் துலக்கும்போது கைப்பிடி ஒட்டிய இடத்தில் கறுப்பு தங்கிவிடுமே, அதே கதை.

கீறல்களிலும் ஒரு பாடம் உண்டு. புரூஃப் நாணயத்திலும் லென்ஸில் சில மெல்லிய கோடுகள் தெரிந்தன. “அப்ப இதுவும் தேய்ச்சதா தாத்தா?” என்று ஒருத்தி துடுக்காகக் கேட்டாள். தாத்தாவுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. அச்சைத் தேய்த்தபோது அச்சில் விழுந்த கோடு, நாணயத்தில் மேடாகப் பதியும். அது வெற்றிடத்தில் மட்டும் ஓடி, எழுத்தின் அருகே வந்ததும் நின்றுவிடும். நாணயத்தையே தேய்த்தால் விழும் கோடு பள்ளமாக இருக்கும். எழுத்து, உருவம் எதையும் பாராமல் மேலேறிக் குறுக்கே போகும். எங்கள் நாணயத்தில் காந்தியடிகளின் கன்னத்தின் மேலேயே கோடுகள் ஓடியிருந்தன.

விளிம்பையும் பார்க்கச் சொன்னார். புரூஃப் நாணயத்தின் விளிம்பு சதுரமாக வெட்டியது போல இருக்கும். சாதாரண நாணயத்தில் சற்று உருண்டிருக்கும்.

உருவம் வெண்பனி படர்ந்தது போலவும் பரப்பு கண்ணாடி போலவும் இருந்தால் தான் புரூஃப் என்று சிலர் சொல்வார்கள். அது முழு உண்மையல்ல. அச்சிலுள்ள அந்தப் பனிப்பூச்சு அடிக்க அடிக்கத் தேய்ந்துவிடுவதால், பழைய புரூஃப் நாணயங்கள் பலவற்றில் உருவமும் பளபளப்பாகவே இருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் தாத்தா நாணயச்சாலைக் குறியைக் காட்டினார். முதலிலேயே காட்டியிருந்தால் நாங்கள் வேறெதையும் பார்த்திருக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரியும் போலும்! இந்திய நாணயங்களில் ஆண்டெண்ணை ஒட்டி இருக்கும் சிறு குறியே அது. மும்பையில் அச்சான புழக்க நாணயத்தில் சிறு வைர வடிவம் இருக்கும். ஹைதராபாத் நாணயத்தில் விண்மீன், நொய்டா நாணயத்தில் வட்டப்புள்ளி; கல்கத்தாவுக்குக் குறியே இல்லை. 1969 முதல் மும்பைச் சாலை தன் புரூஃப் நாணயங்களில் ஆங்கில ‘பி’ எழுத்தைப் பொறித்தது. பம்பாய் என்ற பெயர் மும்பை என்று மாறியபின், 1996 முதல் ‘எம்’ பொறிக்கிறது. தாத்தாவின் ரூபாயில் ‘பி’ இருந்தது. எங்களுடையதில் பாதி தேய்ந்த வைரம். விற்றவரின் விளம்பரப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். காந்தியடிகளின் முகம் தெளிவாக இருந்தது. சரியாக ஆண்டெண் இருக்கும் இடத்தில் மட்டும் விளக்கொளி விழுந்து வெளுத்திருந்தது.

அப்படியானால் குறியை மட்டும் பார்த்தால் போதாதா? போதாது. தாத்தாவின் ஆல்பத்தில் அமெரிக்கச் சென்ட்டுகளும் இருந்தன. 1964 வரை அங்கே புரூஃப் நாணயங்களைப் பிலடெல்பியாவில் அடித்தார்கள். அங்கே அடித்த புரூஃப் சென்ட், புழக்கச் சென்ட் இரண்டிலும் குறி கிடையாது. 1968 முதல் புரூஃப் வேலை சான்பிரான்சிஸ்கோவுக்குப் போய், ‘எஸ்’ எழுத்து வந்தது. ஆனால் 1974 வரை அதே சாலை புழக்கத்திற்கும் அதே எழுத்துடன் சென்ட் அடித்தது. ‘எஸ்’ஸைக் கண்டதும் புரூஃப் என்று பணம் கட்டினால் எங்கள் கதிதான். குறி ஒரு சாட்சி; பரப்பும் எழுத்தும் விளிம்பும் மற்றச் சாட்சிகள்.

தரச்சான்று பெற்ற நாணயம் என்றால் இந்தத் தொல்லை குறைவு. சான்று நிறுவனங்கள் நாணயத்தைச் சோதித்து, மூடிய பிளாஸ்டிக் உறையில் இட்டு, புரூஃபா இல்லையா என்பதை அதன் சீட்டிலேயே எழுதிவிடுகின்றன. அதற்கான செலவு விலையில் ஏறிவிடும். எங்களைப் போன்றோர் சான்றில்லாத நாணயத்தைத்தான் வாங்க முடியும். அதையும் கையில் தொடாமல், படத்தைப் பார்த்தே வாங்க வேண்டும்.

படமோ நன்றாக ஏமாற்றும். கண்ணாடிப் பரப்பு தன் எதிரே இருப்பதைத்தானே காட்டும்? எதிரே இருட்டு இருந்தால் புரூஃப் நாணயம் படத்தில் கறுப்பாக விழும். வெள்ளைத் தாள் இருந்தால் வெறும் வெள்ளையாக, சாதாரணக் காசு போலவே தெரியும். ஆகையால் ஒரே படத்தை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. நாணயத்தைச் சாய்த்து எடுத்த படம், இரண்டு பக்கமும், விளிம்பு, ஆண்டெண்ணின் அருகே பெரிதாக ஒன்று எனக் கேட்க வேண்டும். இயன்றால், ஓர் அச்செழுத்துத் தாளை நாணயத்தின் எதிரே நிறுத்தி, எழுத்து அதில் பிரதிபலிப்பதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்ல வேண்டும். அழகான பெட்டி இருக்கிறதே என்று மயங்கவும் கூடாது. புரூஃப் பெட்டியில் யார் வேண்டுமானாலும் எந்தக் காசையும் வைக்கலாம். நாணயச்சாலை சேகரிப்போருக்கென்றே புழங்காத சாதாரண நாணயங்களையும் தனித் தொகுப்பாக விற்கிறது. அவற்றைப் புரூஃப் என்று அறியாமல் விற்போரும் உண்டு, அறிந்தே விற்போரும் உண்டு.

எங்களுக்கு விற்றவர் எவ்வகை என்று இன்னும் தெரியவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினோம். “திரும்பப் பெறுவதில்லை” என்ற ஒரு வரிப் பதில் வந்தது. பிறகு பதிலே இல்லை. சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் ஆறாம் வகுப்புக்கு நாங்களே போய் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றார். அந்த ஐந்து நிமிடங்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை.

கண்காட்சியன்று அதே நாணயத்தை மேசையின் நடுவில் வைத்தோம். தாத்தா தம் புரூஃப் ரூபாயை இரவல் தந்தார். இரண்டுக்கும் பெயர் எழுதாமல், மேலே ஒரு லென்ஸைத் தொங்கவிட்டு, “இவற்றில் புரூஃப் எது?” என்று மட்டும் எழுதி வைத்தோம். பெற்றோரில் பெரும்பாலோர் எங்களுடையதையே காட்டினார்கள். அதுதான் அதிகம் மின்னியது. மாலையில் ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி வந்தாள். நிதிக்குப் பத்து ரூபாய் கொடுத்தவள். குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டுத் தாத்தாவின் நாணயத்தைக் காட்டினாள். எப்படித் தெரியும் என்று கேட்டோம்.

“அதுல என் மூக்கு கோணலாத் தெரியுதுக்கா. இதுல நேரா இருக்கு.”