தோட்டத்தை விட்டு வந்த பிறகு: மூத்தோருக்கான உடல்நலப் பாடம்



விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாளைக்கு 400, 500 பால்மரங்களை வெட்டி, பாலைச் சேர்த்து, வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தவர்கள் நீங்கள். இன்று உங்களில் பலர் சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் போன்ற ஊர்களில் மலிவுவிலை வீடுகளில் இருக்கிறீர்கள். இந்த இடமாற்றத்துக்கும் உங்கள் உடல்நலத்துக்கும் தொடர்பு உண்டு. அதைப் பற்றியது இந்தப் பாடம்.

1. எப்படி வந்தோம்?

நம் முன்னோரில் பலரைக் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து தோட்டங்களுக்கு அழைத்து வந்தார்கள். 1938இல் இந்திய அரசு அப்படி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதினார். வேலையும் வீடும் இழந்து நின்ற தொழிலாளர்களுக்காகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம்.

ஆனாலும் மாற்றம் நிற்கவில்லை. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும் ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். பிறகு ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் தொழிற்சாலைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. மிஞ்சியிருந்தவர்களும் பட்டணத்துக்கு வந்தார்கள்.

2. போனது வேலை மட்டும் அல்ல

தோட்டத்து வாழ்க்கை சுகமானது அல்ல. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லயத்து வீடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, மருந்து கொடுக்கும் டிரெசர், கோயில், பக்கத்து வீட்டு மனிதர்கள் எல்லாமே அந்த ஒரே வேலையைச் சுற்றி இருந்தன. அதனால் வேலை போனபோது எல்லாம் ஒன்றாகப் போயின. பட்டணத்தில் இவை தானாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொன்றையும் நாமேதான் தேடிப் பெற வேண்டும்.

3. உடம்பில் என்ன மாறியது?

உழைப்பு குறைந்தது, சாப்பாடு மாறவில்லை. அன்று மலைபோல் சோறு சாப்பிட்டாலும் மத்தியானத்துக்குள் உழைப்பில் கரைந்துவிடும். இன்று அதே அளவு சோறும், பால் டின் ஊற்றிய தேத்தண்ணீரும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகின்றன. கையில் காசு குறைவாக இருக்கும்போது காய்கறி, மீனைக் குறைத்துச் சோற்றைக் கூட்டுவதும் நடக்கிறது. இது உங்கள் குற்றம் அல்ல. ஆனால் விளைவு உங்கள் உடம்பில்தான் தெரியும்.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே இது மேலும் அதிகமாக இருந்தது. அப்போது நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

4. இனி என்ன செய்யலாம்?

• வலி இல்லை என்று சும்மா இருக்காதீர்கள். அரசாங்க கிளினிக்கில் சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகம் மூன்றையும் பரிசோதியுங்கள். 40 வயதைத் தாண்டியவர்கள், அரசாங்க உதவித் தொகை பெறுபவராக இருந்தால், பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனைக்குத் தகுதி உண்டா என்று கேளுங்கள்.

• சோற்றை ஒரு கரண்டி குறைத்து, கீரையை ஒரு கரண்டி கூட்டுங்கள். தேத்தண்ணீரில் பால் டின்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

• தினமும் அரை மணி நேரம் நடங்கள். தனியாக வேண்டாம். பழைய தோட்டத்து நண்பர் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். உடம்புக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது.

• வெறுங்காலோடு நடந்து பழகிய கால்கள் நம்முடையவை. இனிப்பு நீர் வந்தால் காலில் உணர்ச்சி குறையும். முள் குத்தினாலும் தெரியாது. ஒவ்வொரு இரவும் பாதத்தின் அடியைப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சிறு புண் என்றாலும் உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

• பஸ் காசு இல்லை என்று மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். வர முடியாத நிலையை மிஸ்ஸியிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வருமானம் இல்லாத மூத்தோர் சமூக நல இலாகாவில் உதவிக்கு மனுச் செய்யலாம்.

5. வீட்டில் பேசுங்கள்

பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடுங்கள்:

நான் கடைசியாக இரத்தப் பரிசோதனை செய்தது எப்போது?
ஒரு நாளில் எத்தனை பேரோடு பேசுகிறேன்?
எனக்கு முடியாமல் போனால் கிளினிக்குக்குக் கூட்டிப் போவது யார்?

மூன்றாவது கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை என்றால், அடுத்த முறை கிளினிக்குக்கு வரும்போது முதலில் அதைச் சொல்லுங்கள்.