எண் பொய் சொல்லவில்லை, தலைப்புதான்!

நம்பிக்கை: தமிழ்நாட்டில் 60 லட்சம் பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள். பேப்பரிலேயே வந்ததே!

உண்மை: வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிந்துவிட்டுக் காத்திருப்போர் 2023இல் 60 லட்சத்துக்கும் மேல். அரசே தந்த கணக்கு அது. ஆனால் அந்தப் பதிவேட்டைப் புரட்டினால் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடித்ததும் பள்ளியிலேயே பதிந்துவிட்டுக் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் இருப்பார்கள். தனியார் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டே, சீனியாரிட்டி போய்விடக் கூடாதென்று மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறவர்களும் இருப்பார்கள். பதிவே செய்யாமல் வேலையிழந்து நிற்கும் கொத்தனார் அதில் இருக்க மாட்டார். இத்தனையையும் ‘வேலையற்றோர்’ என்று தலைப்புப் போடுவது சோம்பல். சில நேரம் அரசியல்.

நம்பிக்கை: அப்படியானால் மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பை நம்பலாம். 2017-18இல் 6.1 சதவீதமாக இருந்த வேலையின்மை 2023-24இல் 3.2 ஆகிவிட்டது.

உண்மை: நம்பலாம், முழுசாகப் படித்தால். அதே 2023-24 அறிக்கையில் 15 முதல் 29 வயது வரையானோரின் வேலையின்மை 10.2 சதவீதம். ஆளுங்கட்சிக்கு வேண்டிய நாளேடு முதல் எண்ணை எடுக்கும், வேண்டாதது இரண்டாவதை எடுக்கும். இரண்டும் பிழையில்லாத செய்தி; ஒருசார்பு பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது, பொய் எழுதத் தேவையே இல்லை.

இன்னொன்று: வீட்டுக் கடையிலோ வயலிலோ கூலியில்லாமல் கைகொடுக்கும் பெண்ணும் இந்தக் கணக்கில் வேலையில் இருப்பவர்தான். சுயதொழில் செய்வோரின் பங்கு இந்த ஆறாண்டில் 52இலிருந்து 58 சதவீதத்துக்கு ஏறியிருக்கிறது. அது கடை பெருகியதாலா, சம்பள வேலை கிடைக்காததாலா என்பதை விகிதம் சொல்லாது. அதே 2023-24இல் கேரளத்தில் வேலையின்மை 7.2 சதவீதம், பீகாரில் அதில் பாதிக்கும் குறைவு. ஆனால் ரயில் ஏறி வேலைக்கு வருகிறவர்கள் பீகாரிகள்தான். படித்த பிள்ளை நல்ல வேலைக்காகக் காத்திருக்க வீட்டில் வசதி வேண்டும். இல்லாதவர் கிடைத்ததைச் செய்வார், கணக்கில் ‘வேலையுள்ளவர்’ ஆகிவிடுவார்.

நம்பிக்கை: 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டால் சுமார் 27 லட்சம் பேருக்கு வேலை வந்துவிட்டது.

உண்மை: வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். அதிலும் 12 லட்சத்துக்கு மேல் மறைமுக வேலைவாய்ப்பு. கையெழுத்து முதல் பக்கத்தில் வரும். அந்த ஆலை திறந்ததா, எத்தனை பேரை எடுத்தார்கள் என்பது வந்தால் உள்பக்கத்தில் வரும்.

நம்பிக்கை: எங்கள் மாவட்டத்தில் வேலையின்மை இத்தனை சதவீதம்.

உண்மை: எங்கிருந்து எடுத்தார்கள் என்று நிருபரைக் கேளுங்கள். மேற்சொன்ன கணக்கெடுப்பின் மாதிரியில் மாவட்டத்தை அடிப்படை அலகாக்கியதே 2025 ஜனவரியில்தான்.