முதலில் எழ வேண்டிய கேள்வி

ஓர் அலுவலகம். நேரம் தவறாத ஊழியர் ஒருவர் மூன்று நாட்களாக வரவில்லை, தகவலும் இல்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டும் மேலாளரின் மனத்தில் முதலில் எழும் கேள்வி எது? ‘அவருடைய வேலை என்ன ஆயிற்று?’ என்பதா, ‘அவருக்கு என்ன ஆயிற்று?’ என்பதா?

இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகளே. எனினும் எது முதலில் எழுகிறது என்பதில் அவரது உள்ளம் வெளிப்பட்டுவிடுகிறது. ஊழியரைக் கருவியாகக் காண்பவருக்கு வேலை முன்னே வந்து நிற்கும். மனிதராகக் காண்பவருக்கு அம்மனிதர் முன்னே வந்து நிற்பார்.

இக்காலத்தில் ஊழியர் நலம் பற்றி நிறையப் பேசப்படுகிறது. பிறந்தநாள் வாழ்த்து, விருந்து, பரிசு ஆகியவை பல நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டன. இவை நல்லவையே. ஆனால் அதிக வேலை வாங்குவதற்கான உத்தியாக அமையும் அன்பை ஊழியர்கள் விரைவில் அடையாளம் கண்டுகொள்வார்கள். உண்மையான அக்கறையை அறிய ஓர் உரைகல் உண்டு: இனி நமக்குப் பயன்பட இயலாதவரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்?

நாகபுரி ஆலை

ஜாம்ஷெட்ஜி டாட்டா நாகபுரியில் நிறுவிய எம்பிரஸ் ஆலை 1877 ஜனவரி 1-ஆம் நாள் தொடங்கப்பட்டது. தொழிலாளர்கள் அடிக்கடி வேலைக்கு வராமல் நின்றுவிடுவது அங்கு பெரும் சிக்கலாக இருந்தது. தண்டனையை மட்டும் நம்பாமல் ஜாம்ஷெட்ஜி அவர்களின் வாழ்க்கையைக் கவனித்தார். வெப்பம் மிகுந்த ஆலைக் கூடங்களில் காற்றோட்டத்துக்கும் ஈரப்பதத்துக்கும் ஏற்பாடு செய்தார். தீ விபத்தைத் தடுக்க நீர்த்தெளிப்பான்களை அமைத்தார்.

ஈரப்பதம் நூல் அறுந்துபோகாமல் காக்கும். ஆகவே அதில் ஆலைக்கும் ஆதாயம் உண்டு எனலாம். ஆனால் 1886-இல் அவர் ஓய்வூதிய நிதியை ஏற்படுத்தினார். 1895 முதல் விபத்துக்குள்ளானவர்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. முதுமையால் தளர்ந்தவரும் விபத்தில் உடல் ஊனமுற்றவரும் முன்போல் தறிக்குத் திரும்பப் போவதில்லை. அவர்களையும் நினைத்தது அந்த உள்ளம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நம் நாட்டில் வந்தது 1923-இல்தான். சட்டம் வற்புறுத்துவதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே மனச்சாட்சி வற்புறுத்திவிட்டது!

1893-இல் ஜப்பானிலிருந்து கனடாவுக்குச் சென்ற கப்பலில் சுவாமி விவேகானந்தருடன் பயணம் செய்தவர் இந்த ஜாம்ஷெட்ஜிதான் என்பதை அன்பர்கள் அறிவார்கள்.

ஜயராம்பாடியில்

அன்னை ஸ்ரீசாரதாதேவியாருக்காக ஜயராம்பாடியில் வீடு கட்டியபோது சுவர் எழுப்பியவர்களுள் அம்ஜத் என்னும் முஸ்லிம் தொழிலாளியும் ஒருவர். பட்டுப்புழு வளர்ப்புத் தொழில் நலிந்து, திருட்டில் இறங்கியவர்கள் என்று ஊரார் அஞ்சிய கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். ஒருநாள் அன்னை அவரைத் தம் வீட்டில் உணவருந்தச் செய்தார். பரிமாறிய அன்னையின் தம்பி மகள் நளினி, தள்ளி நின்று உணவை வீசினாள். அன்னை அவளைக் கடிந்துகொண்டு தாமே பரிமாறினார். உண்ட இடத்தையும் தம் கையாலேயே சுத்தம் செய்தார். ‘சாதி போய்விடுமே!’ என்று நளினி பதறியபோது, சரத் தமக்கு எத்தகைய மகனோ அம்ஜதும் அத்தகைய மகனே என்றார். சரத் என்று அவர் குறிப்பிட்டது ராமகிருஷ்ண சங்கத்தின் செயலராக விளங்கிய சுவாமி சாரதானந்தரை! பின்னாளில் சிறை சென்று மீண்டபோதும் அம்ஜதுக்கு அன்னையின் வாசல் திறந்தே இருந்தது.

கூலி கொடுத்தவுடன் கணக்கு முடிந்தது என்று அன்னை கருதவில்லை. மகனுடன் கணக்கு எப்படி முடியும்?

நம் அலுவலகத்தில்

இந்த உரைகல்லை நம்மிடமே உரசிப் பார்ப்போம். ஓய்வு பெறுபவருக்குச் சால்வையும் மாலையும் அணிவித்துப் புகழ்கிறோம். அவரது பணிக்கொடைக் கோப்பு யாருடைய மேசையில் உறங்குகிறது என்று பார்த்தோமா? 30 நாட்களுக்குள் வழங்க வேண்டும் என்கிறது சட்டம். பல மாதங்கள் படியேற வைத்தால், அணிவித்த மாலைக்கு என்ன பொருள்?

ஒப்பந்தத் தொழிலாளர்களாக வரும் துப்புரவுப் பணியாளர், காவலாளி ஆகியோரின் பெயர் நமக்குத் தெரியுமா? அவர்களின் சேமநல நிதி ஒழுங்காகச் செலுத்தப்படுகிறதா? நோயுற்று மீண்டவருக்குச் சில நாட்களாவது இலகுவான பணி தருகிறோமா?

அக்கறை காட்டினால் கட்டுப்பாடு குலைந்துவிடாதா என்று சிலர் அஞ்சுவர். நளினியைக் கடிந்துகொண்டதும் அன்னைதான். தவற்றைத் தனியே அழைத்துச் சொல்லலாம், உறுதியாகவும் சொல்லலாம். நம் நலம் நாடுபவர் கூறும் கண்டிப்பு புண்படுத்தாது; திருத்தும்.

இவ்வாறு நடப்பது தலைவருக்கே பெரிய சாதனை. ‘நான் சம்பளம் கொடுக்கிறேன், இவர்கள் பிழைக்கிறார்கள்’ என்ற அகந்தை மெல்லக் கரையும். உயிர்களிடம் தயை காட்ட நாம் யார், சிவமாகக் கண்டு சேவை செய்வதே தக்கது என்று பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் உணர்த்தினார். அலுவலக நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கும் அது பொருந்தும்.

நாளைக் காலையிலும் பதிவேட்டில் ஏதேனும் ஒரு பெயருக்கு எதிரே கட்டம் வெறுமையாக இருக்கலாம். விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதுமுன் அந்த வீட்டுக்கு ஆள் அனுப்புவோம். முடிந்தால் நாமே செல்வோம். ‘உங்களுக்கு என்ன ஆயிற்று?’ என்று முதலில் கேட்போம். வேலையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.